கப்பல் அடுப்படிப் பிரெஞ்சு

அருமை மகளுக்கு,

துறைமுகத்து மணிக்கூண்டு தீப்பிடித்து எரிந்ததே, அந்த வருடம்தான் நான் பிரெஞ்சுக் கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். நான் சொல்லச் சொல்லத் தையற்காரர் எழுதுகிறார்.

அந்த அடுப்படியில் நாங்கள் பேசிய அரைகுறைப் பிரெஞ்சைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாயாமே! சமையற்காரரிடம் வாங்கிய வசவுக்கெல்லாமா பட்டம்? "அப்படிப் பார்த்தா உங்களுக்கு ரெண்டு குடுக்கணுமே!" என்கிறார் தையற்காரர்.

என்னைத் தவிர அதைப் பேசிய இன்னொருவர் வேண்டும், கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பும் வீண் என்றாய். "எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா" என்றேன். சமையற்காரர் போனது உண்மை. ரொட்டி சுட்டவனும் போய்விட்டான்.

ஆனால் நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்ட அன்று, "சாகுற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்டா" என்று அதே பிரெஞ்சில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பேசி முடித்திருந்த பெண் அவள். அவர் சொன்னது கூடியிருந்த வேறு யாருக்கும் புரியவில்லை.

அவர் நாக்கில் இன்னும் எத்தனை வார்த்தை மிச்சமிருக்கும் என்று அறிய எனக்கும் ஆசையாக இருக்கிறது. ரயிலடிக்குப் பின்னால் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். போய்ப் பேச வை. அந்த அடுப்படியில் என்னோடு நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, செத்துவிட்டதாக உன்னிடம் சொல்லி வளர்த்தேனே, அந்த உன் பெரியப்பா ஒருவர்தான்.

உன் அப்பா