நீர் எண்ணிய கோடுகள்

மகளின் பாடசாலைப் பாவாடையை இன்று காலை நான்தான் இஸ்திரி போட்டேன். கருநீலமும் பச்சையும் கட்டம் கட்டமாக, நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஓடும் கம்பளிப் பாவாடை. ஈரத்தில் சூடு பட்டதும் ஆவியோடு நனைந்த ஆட்டுமயிர் வாசம் எழுந்தது. அந்த வாசத்துக்குள் மூன்று வருடம் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்றவர்கள் நாங்கள். நீர் போய்ப் பத்து மாதமாகிறது. உமக்கு எழுத வேண்டியதை இன்றுதான் எழுதுகிறேன்.

கடல் கடந்து நாம் வந்து சேர்ந்த இந்த நாட்டில், மனுகா நகரில் ஐலீனின் தையற்கூடத்தில் தமிழர் என்று இருந்தது நாம் இருவர் மட்டும்தான். நீர் மன்னார், நான் யாழ்ப்பாணம். என் மனைவியும் பிள்ளையும் விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். உமக்குக் காத்திருக்க யாரும் இல்லை. பாடசாலைப் பாவாடைகளும், பைப் வாத்தியக் குழுக்களில் ஆண்கள் உடுக்கும் மடிப்புப் பாவாடையான கில்ட்டும் தைக்கிற இடம் அது. எல்லாம் டார்டன் என்கிற கட்டம்போட்ட கம்பளித் துணி. ஸ்கொட்லாந்தில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம் என்று, அங்கிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த ஐலீன் பெருமையாகச் சொல்லுவாள்.

முதல் வாரமே இரண்டு துணிச்சுருளை என் முன்னால் போட்டு, "இது ரெண்டும் ஒரே துணிதானே?" என்று கேட்டீர். ஒன்று மங்கிய சிவப்பு, மற்றது மங்கிய பச்சை. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். தகப்பனைப் போல றெயில்வேக்குப் போக நிண்டனான். கொடியைக் காட்டிக் கேட்டு அனுப்பிப் போட்டாங்கள். ஆருக்கும் சொல்லாதையும்."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து நிறம் என் வேலை, கோடு உம்முடைய வேலை. குறுக்கே போகிற அதே ஒழுங்குதான் நெடுக்கேயும் போகும், ஓர் இடத்தில் நின்று போன வழியே திரும்பி வரும் என்று எனக்குக் காட்டியவர் நீர். "இந்தா, இதில கோடு திரும்புது பாரும்" என்று நகத்தால் தொடுவீர். பூதக்கண்ணாடிகூட வைக்காமல் இழை எண்ணுவீர். நீர் அளந்த துணியில் மடிப்புக்கு மேல் மடிப்பு விழுந்தாலும் கட்டம் உடையாது. புதுச் சுருள் வந்தால், அதில் தொங்கும் சீட்டில் இலக்கம் மட்டும்தான் இருக்கும். நான் ஓரத்தில் சோக்கால் 'சி' என்றோ 'ப' என்றோ தமிழில் எழுதிவிடுவேன். அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் அது விளங்காது.

அந்த மூன்று வருடமும் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை நீர்தான். வாடகை அறைக்குத் திரும்பினால் விடியும்வரை ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாது.

பிறகு விசா கிடைத்தது. அவர்கள் வந்திறங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் புதுச் சுருள்கள் வந்தன. ஒரு பைப் குழுவின் ஓடர்: பைப் ஊதும் ஐந்து பேருக்குப் பச்சை, மேளம் அடிக்கும் ஐந்து பேருக்குச் சிவப்பு. கட்டம் ஒன்று, நிறம் மட்டும்தான் வேறு. சோக் என் சட்டைப்பையில் இருந்தது. கட்டில் வாங்க வேண்டும், வீடு கூட்ட வேண்டும் என்று ஓடிவிட்டேன். நீர் வாசல்வரை வந்து, "பிள்ளைக்குச் சாக்லேட் வாங்க மறந்து போகாதையும்" என்றீர்.

திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தபோது மேசையின் உம்முடைய பக்கம் வெறுமையாக இருந்தது. நான் அவர்களைக் கூட்டிவரப் போன அன்றே ஐலீன் உம்மை வேலையால் நிறுத்தியிருந்தாள். பைப் ஊதுபவர்களின் அளவுக்குச் சிவப்பும், மேளம் அடிப்பவர்களின் அளவுக்குப் பச்சையுமாகப் பத்துக் கில்ட்டும் மாறி வெட்டிக் கிடந்தன. இனிக் கப்பலில் துணி வந்து தைத்து முடிக்க மாதக்கணக்காகும், அதற்குள் அந்தக் குழுவின் அணிவகுப்பே முடிந்துவிடும்.

"உன் நண்பருக்கு நிறம் தெரியாதாம்," என்றாள் ஐலீன். "மூன்று வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார். உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

கேட்டு முடியுமுன்னே அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி கிளென்ஃபீல்டில் உம்முடைய அறைக்கு வந்தேன். நீர் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்.

"என்ர பேரை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் வேலையில்லாமல் இருந்து என்ன காணப் போறம்? உமக்கு இப்பதானே பிள்ளை வந்து சேர்ந்திருக்கு."

"நான் போய்ச் சொல்லுறன். திங்கட்கிழமையே சொல்லுறன்."

வேண்டாம் என்பீர் என்று காத்திருந்தேன். நீர் என்னைப் பார்த்து, "ஓம், போய்ச் சொல்லும்," என்றீர்.

நான் சொல்லவில்லை. அந்தத் திங்களும் இல்லை, அடுத்த திங்களும் இல்லை. நீர் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் மழையிலும் வெயிலிலும் ட்ரொலி தள்ளிச் சேர்க்கிற வேலைக்குப் போனீர். பிறகு எத்தனையோ தரம் சந்தித்தோம். கொழும்பு நிலவரம் கதைத்தோம், என் முதுகுவலி கதைத்தோம். "சொன்னீரோ?" என்று ஒருநாளும் நீர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய்யாவது சொல்லியிருப்பேன். அதற்கும் நீர் இடம் தரவில்லை.

போன குளிர்காலத்தில் உம்முடைய இருதயம் நின்றுபோனது. தேவாலயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். எனக்குப் பின்வரிசையில் ஐலீனும் இருந்தாள். முடிந்து வெளியே வந்து, கேற்றடியில் அவளை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன்: நிறம் நான் சொன்னது, சோக்கால் எழுதியது, தெரியாது என்றது.

அவள் குடையை மடக்கிக் கையில் பிடித்தாள்.

"அவரைப் போல இழை எண்ணுகிற ஆள் எனக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. எந்த நேரம் எதைப் பிழையாக வெட்டுவாரோ என்ற பயத்தில்தான் அனுப்பினேன். இது இரண்டு பேராகச் செய்த வேலை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் அப்படியே வைத்திருப்பேனே."

சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அவள் என்னை அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மனைவியும் மகளும் இங்கே வந்திறங்கிய நாளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பாயாசம் வைத்துக் கொண்டாடுவது உமக்குத் தெரியும். நீர் ஒரு வருடமும் தவறவிடவில்லை. நான்கு தரம் வந்தீர். மகள் ஆங்கிலத்தில் கேட்பதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்லி அவளைச் சிரிக்கவைத்தீர். உம்முடைய வேலை போன நாளும் அதுதான் என்று மனைவிக்குத் தெரியாது. அவள் உமக்கு இரண்டாம் தரமும் ஊற்றுவாள். நீர் மறுக்காமல் வாங்கிக் குடிப்பீர்.

போன வாரம் அந்த நாள் வந்தது. அவள் வழக்கம்போலப் பாயாசம் காய்ச்சிக்கொண்டுவந்து, "அவர் இல்லாமல் வீடு ஒரு மாதிரிக் கிடக்கு," என்றாள். என்னால் குடிக்க முடியவில்லை. மகள் தன் அறைக்குப் போனபின், முதல்தரமாக மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஆறி ஆடை கட்டிய பாயாசத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் இந்தக் கதிரையில வந்து இருக்கேக்க, நீங்கள் எப்பிடி அவரின்ர முகத்தைப் பார்த்தனீங்கள்?"

நான் பார்க்கவில்லை, நண்பரே. நான்கு வருடமும் உம்முடைய கையிலிருந்த கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உம்மை நினைத்துக் கண்ணை மூடினால் அந்தக் கைகள் அப்படியே வருகின்றன. முகம் வரவில்லை.