கழுவிய கால்

பெரிய வியாழன், 1934. இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்கு; சேசுநாதர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சுவாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவி முத்தமிடுவார். எப்போதும் பன்னிரண்டு பேரும் எங்கள் சாதி ஆட்கள்தான். இந்த வருஷம், என் பாகூர்க் கொல்லையில் கரும்பு வெட்டுகிற அருளப்பனைச் சுவாமியார் என் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். என்னைவிட மூத்தவன். "நான் எயிந்துக்கட்டுமா, ஆண்டே?" என்றான்.

"உக்காருடா. சேசுநாதர் சன்னதியில இன்னா பெரிசு, சின்னது?" என்றேன், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஊரே உங்க தாழ்மையத்தான் பேசுது" என்றாள். இனித்தது. இனித்ததே என்று வெட்கமாயிற்று. அப்படி வெட்கப்பட்டதில் மறுபடி ஒரு பெருமை. நாளை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்தப் பாவத்தையும் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் சுவாமியார் என்னை மெச்சுவார் என்று இப்போதே மனம் கணக்குப் போடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே வழிமறித்து நிற்கிறேன்.

சடங்குக்குப் போகுமுன் செங்கல்லால் தேய்த்துக் கழுவிக்கொண்டு போன கால்கள் இவை. சுவாமியார் முத்தமிட்ட பிறகு வண்டியில்தான் வீடு வந்தேன். இப்போதுதான் கவனிக்கிறேன். மண் படக்கூடாதென்று இரண்டையும் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.