தன் தோலின் எண்ணெயைக் கண்டு வெகுண்ட கலங்கள்

மச்சாள்,

மானிப்பாய் மருந்துக்கடையில் களிம்புப் போத்தலின் மூடியைத் திறந்து காட்டினார்கள். தார் மணம். உங்கள் அறைக் கதவைத் திறந்தால் வருமே, அதே மணம். இந்த முறை அது உங்கள் தம்பியின் மகளுக்கு, என் பிள்ளைக்கு. இரண்டு முழங்கைகளும் சிவந்து, மேலே உங்களைப் போலவே வெள்ளையாய்ச் செதில் பூத்திருக்கிறது.

இணுவில் வீட்டில் உங்கள் முதுகுக்கு நான்தான் எண்ணெய் பூசுவேன். பகல் முழுவதும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் இரத்தக் கலங்களைப் பார்த்துவிட்டுக் களைத்து வந்திருப்பீர்கள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“உங்கடை உடம்பே ஏன் உங்களோடை கோவிக்குது?”

“ரீ கலங்கள், இங்கிலீசிலை T cells, நோயிலையிருந்து எங்களைக் காக்கிற கலங்கள். அதுகள் புரதத்தைத்தான் அடையாளம் காணும் எண்டு ஆராய்ச்சிக்காரர் கனகாலம் நினைச்சினம். கொழுப்பையும் அடையாளம் காணும். எங்கடை தோலிலை ஊறுற எண்ணெயை, தோலிலை இருக்கிற சில கலங்கள் ஒரு புரதக் கிண்ணத்திலை ஏந்திக் காட்டும். ரீ கலம் வந்து பாத்து, இது எங்கடைதான் எண்டு பேசாமல் போகவேணும்.”

“போகாட்டி?”

“என்ரை முதுகைப் பாரும். இது ஒண்டுதான் காரணம் எண்டில்லை. ஆனால் இதுவும் ஒண்டு.”

நீங்கள் சிரித்தீர்கள். நான் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றேன்.

“அப்ப நான் பூசுறது?”

“அது தோலைக் காயவிடாது. பயப்பிடாமல் பூசும்.”

ஒருமுறை பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் உங்கள் கையைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “இது தொத்தாது, தங்கச்சி. இரும்” என்றீர்கள். அவள் இருக்கவில்லை. நீங்களும் கையை மூடவில்லை.

உங்கள் மருமகளோ, என் பிள்ளை, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள். போன வருடம் நித்திரையிலேயே உங்கள் இதயம் நின்றபோது, இந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பிருக்குமோ என்று கேட்டோம். “இருக்கலாம்” என்றார் டொக்டர். பிள்ளை சற்று அதிகமாக மூச்சு வாங்கினாலும் அந்தச் சொல்தான் காதில் கேட்கிறது.

நேற்றுப் பின்னேரம் களிம்பு பூசிக்கொண்டே, நீங்கள் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

“என்ரை ரீ கலத்துக்கு ஏனம்மா விளங்கேல்லை?”

“தெரியாது, பிள்ளை.”

“மாமிக்குத் தெரியுமோ?”

“மாமியும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தவ.”

முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப நான் ஒண்டும் பிழை செய்யேல்லையோ?” என்றாள். இத்தனை நாளும் அதைத்தான் மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

“இல்லை” என்றேன்.

பயம் போகவில்லை, மச்சாள். திங்கட்கிழமை பிள்ளையைக் காட்டும்போது ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ. ஆனால் அந்த ‘இல்லை’யைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அதற்கான துணிவு நீங்கள் தந்தது.