அக்கா வீட்டுக்கு வந்த விளம்பரம்

மார்ச் 4

இந்த வாரம் தளத்துக்கு வந்தவர்கள் போன வாரத்தைப் போல் இரண்டு மடங்கு. வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கான எங்கள் மையத்தின் இணையதளம் என் பொறுப்பு. ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களை மறுபடி கூப்பிட ஒரு விளம்பரம் வைத்தேன். அவர்கள் வேறு எந்தத் தளத்துக்குப் போனாலும் அது கூடவே போகும். ‘வீட்டில் பயமா? பேசலாம், வாருங்கள்.’ வாசகமும் என்னுடையதே. கூட்டத்தில் வருகை ஏறும் வரைபடத்தைப் பார்த்து மேலாளர் கைதட்டினார். பூட்டு மட்டும் தட்டவில்லை.

பூட்டு எங்கள் ஆலோசகர். எதைச் சொன்னாலும் அவளைத் தாண்டி வெளியே போகாது, அதனால் அந்தப் பெயர். “வீட்டுல எல்லாருக்கும் ஒரே போனா இருந்தா, விளம்பரம் யாருக்கு வரும்?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாள். எதிலாவது ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

மார்ச் 5

வரைபடம் இன்னும் ஏறுகிறது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

மார்ச் 8

அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் டேப்லெட்டில் ஆட்டத்தின் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் என் விளம்பரம்.

எங்கள் தளத்தைத் திறந்த கருவிக்குத்தான் அது வரும். நான் அந்த டேப்லெட்டைத் தொட்டதே இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“என்ன, உங்க ஆபீஸ் எங்க வீட்டுக்கே வந்துடுச்சு?” என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே. “ஊர் பூரா போட்டிருக்கோம் அத்தான்” என்று பொய் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

தங்கமான மாப்பிள்ளை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்கா என்னிடம்கூடச் சொல்லலையே — ஏன் சொல்லல? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அக்கா வீட்டில் போய் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

பூட்டிடம் எல்லாம் சொன்னேன். ‘அன்னைக்கே சொன்னேன்ல’ என்று அவள் சொல்லவில்லை. “முதல்ல விளம்பரத்தை நிறுத்து. அப்புறம் அழு” என்றாள். நிறுத்தினேன்.

எந்தக் கருவி, எந்த நேரம், எந்தப் பக்கம் என்று பதிவுகளில் தேடினால் அக்கா என்ன படித்தாள் என்று தெரிந்துவிடும் என்றேன்.

“தெரிஞ்சு?”

“அவகிட்ட கேப்பேன்.”

“உங்க அத்தானும் அதைத்தானே செய்வாரு. அவங்களுக்குத் தெரியாம பாத்துட்டு, அப்புறம் கேப்பாரு.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. “அடிக்கடி போய்ட்டு வா. உன் வீட்டுக்கு எப்ப வேணா வரலாம்னு காதுல போட்டு வை. மத்தது அவங்களா சொல்லட்டும்” என்றாள். மனுஷி என்றால் இவள் மனுஷி.

மார்ச் 11

வருகிறவர்களைப் பற்றி எதையுமே பதிய வேண்டாம், பழையதையும் அழித்துவிடலாம் என்று கூட்டத்தில் பூட்டு சொன்னாள். மேலாளர் பதறினார். “அப்புறம் நிதி தர்றவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?”

“போன் பண்ணிப் பேசுனவங்க எத்தனை பேர்னு காட்டலாம். படிச்சுட்டுப் போனவங்க பின்னாடி நாங்க போறதில்லைன்னு நானே சொல்றேன்.”

அங்கேயே நிதி தருகிறவர்களுக்குப் போனைப் போட்டாள். அவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நானாயிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே சரணாகதி. இவள் நின்றுகொண்டே, குரல் உயராமல், சொன்னதையே சொன்னாள். கடைசியில் அரை மனதாக ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு என் வரைபடங்களை என் கையாலேயே அழித்தேன். பெற்ற பிள்ளையை அடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் பாதியை என் கையில் வைத்தாள்.

மார்ச் 16

இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? தெரியாது. கை மட்டும் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுகிறது.

மார்ச் 22

அக்கா வீட்டுக்குப் போனேன். கேள்வி தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் வீட்டின் இன்னொரு சாவியை அவள் பர்சில் போட்டேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

காலையில் அக்கா மையத்துக்கு வந்தாள், தோளில் ஒரு பையோடு. என்னைப் பார்க்க அல்ல. “ஆலோசகரைப் பாக்கணும்” என்று வரவேற்பில் சொல்லிவிட்டு, என்னைக் கடந்து நேராகப் பூட்டின் அறைக்குப் போனாள். என் அக்காவா இவள்! தலை நிமிர்ந்து போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்த பூட்டு, “டீ குடிக்கிறியா?” என்று மட்டும் என்னிடம் கேட்டாள். வேறு ஒரு வார்த்தை பெயரவில்லை. அவளைக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் என் வீட்டில், மெத்தைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தபோது, “நீ ஒண்ணுமே கேக்கலையே?” என்றாள் அக்கா.

“நீயா சொல்லு.”

தலையணையை உறைக்குள் நுழைத்துக்கொண்டே சொன்னாள். “உங்க தளத்தைப் படிச்சதும் டேப்லெட்டுல அந்தத் தடத்தை அழிச்சிடுவேன். அப்படியும் அன்னைக்கு அந்த விளம்பரம் வந்துடுச்சு. நீ போன பிறகு... அதை விடு. இனி அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்புறம் அது வரவேயில்ல. அதுக்கப்புறம் தினமும் படிச்சேன். என்னென்ன எடுத்து வைக்கணும், எப்பக் கிளம்பணும், எல்லாம்.”

தினமும் வந்திருக்கிறாள். எங்களிடம் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இப்போது தூங்குகிறாள். டேப்லெட்டை அத்தானிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர் எவ்வளவு தேடினாலும் அதில் ஒன்றும் கிடைக்காது.