ஆறாம் மாடிக்குச் சொன்ன விலை

ஜூலை 8, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. குடைக்கம்பி முறிந்தது. தாம்வேயில் ஐந்து தெரு நடை. மாடிகளிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பார்ப்பதே வீட்டுத் தரகனான என் பிழைப்பு. சாவி, பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் மேலே போகும். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள் என்றால் கிளம்பப் போகிறார்கள், வீடு விலைக்கு வரும்.

இன்று கயிறு அவிழ்த்த வீடு மூன்று. இரண்டில் பூட்டு. மூன்றாவது நம்மவர்கள், தமிழர்கள். செல்வியக்கா, தையல் வேலை, கணவர் இல்லை. ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் மாரிக்கு இருபத்து நாலு. கட்டாயப் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. ஞாயிறுக்குள் தாய்லாந்துக்கு அனுப்ப வேண்டும். வீடு விற்றால்தான் வழி.

கணக்கு, லட்சம் கியாட்டில்:
வீட்டை வாங்கப்போகும் பர்மாக்காரர் ஊ சோ தருவது 550
குழாய், கூரை ஒழுகல் 40
எனக்கு 30
அக்காவுக்கு 480 வரை போகலாம்.

ஜூலை 9, புதன்
அக்கா 500 கேட்டார். 450 என்றேன். தையல் மிஷினை உறை போட்டு மூடினார்.

"480 குடுங்க தம்பி. இப்பவே கையெழுத்து போடுறேன்."

சரியாக என் கணக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அவசரக்காரரிடம் விலை சொன்னால் இரண்டு நாள் போனை எடுக்கக் கூடாது, தானே இறங்கி வருவார். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

ஜூலை 10, வியாழன்
கரண்ட் இல்லை. கடைவாய்ப் பல் வலி. அக்கா காலையில் நாலு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மத்தியானம் மெசேஜ்: 450 சம்மதம். நாளைக்குப் போகலாம் என்றிருந்துவிட்டேன். உடனே ஓடினால் மதிப்பில்லை.

ஜூலை 11, வெள்ளி
ஊ சோவிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது. நேற்று சாயங்காலம் முக்கில் டீ குடிக்கப் போன மாரியைப் பட்டாளத்தார் வேனில் ஏற்றிவிட்டார்களாம். எந்த முகாம் என்று தெரியவில்லை.

480க்கும் 450க்கும் நடுவிலிருந்த 30 லட்சத்துக்காக. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

480ஆகவே தருகிறேன் என்று பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"இனிமே விக்க முடியாது தம்பி. அவன் தப்பிச்சு வந்தா இந்த ஊட்டுக்குத்தானே வருவான்."

வாசல்வரை வந்தார்.

"மழையில உங்கள வீணா அலைய வச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."