ஸ்டூலில் உட்கார்ந்தவள்

14.8.96, புதன் இரவு

செல்வியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் காலனியில் ப்ளஸ் ஒன் சயின்ஸ் குரூப் படிப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரியில் என்னென்ன வேலை இருக்கிறது என்று நாங்களே பார்க்கட்டும் என்று, பயாலஜி டீச்சர் இன்று எங்களைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். வார்டில் ஒரு டாக்டரம்மா, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒருத்தர் வந்து உக்காருங்க கண்ணு" என்றார்.

முன்னால் நின்றது நான். "இருக்கட்டுங்க, நின்னுக்கறனுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூலி வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கும் ஒட்டிக்கொண்ட பேச்சு.

செல்வி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, படுத்திருந்த பாட்டியின் நெஞ்சில் வைத்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். இதயத்துக்கு நாலு அறை என்று அவளுக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்!

திரும்பும்போது பஸ்ஸில், "ஏம்புள்ள, எப்படி இருந்துச்சுன்னு கேக்கவே மாட்டீங்கற? தோட்டத்து மோட்டார் ஓடற மாதிரியே இருந்துச்சு" என்றாள். தலைவலி என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "பெரியவங்க முன்னாடி மருவாதியா இருந்தியா கண்ணு?"

"இருந்தேம்மா. கடைசி வரைக்கும் நின்னுட்டேதான் இருந்தேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.