மாப்பிள்ளைக்கு என்ன வேலை

கொழிஞ்சாம்பாறை
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அம்மிணி ஜீவிதாவுக்கு,

அண்ணன் ஆனந்தகுமார் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், மாடுகள் எல்லோரும் சுகம். மாப்பிள்ளை ராஜசேகரும் குழந்தையும் சுகம்தானே? போனில் பேசலாமென்றால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மலையாள வருஷப் பிறப்பன்று, சிங்ஙம் ஒன்றாம் தேதி, கிருஷி பவன் ஆபீஸில் விவசாயிகள் தினம் கொண்டாடினார்கள். பஞ்சாயத்தில் நல்ல விவசாயி என்று என்னை மேடையேற்றிப் பொன்னாடை போட்டார்கள். நாட்டுக்குச் சோறு போடுகிற கை இது என்று ஒருவர் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் தரகர் வந்தார். நல்லேப்பிள்ளியில் பார்த்திருந்த பெண் வீட்டில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். விவசாயம் என்றதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அந்தப் பொன்னாடையை மடித்து உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு முப்பத்தெட்டு முடியப்போகிறது, அம்மிணி.

மாப்பிள்ளையிடம் சொல்லி எனக்கு ஒரு வேலை பார்க்கச் சொல். எதுவானாலும் சரி. மாதம் பிறந்தால் சம்பளம் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்
அண்ணன்

---

திருவனந்தபுரம்
29 ஆகஸ்ட் 2023

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

பொன்னாடை போர்த்திய படத்தை அனுப்பாமல் விட்டுவிட்டாயே. குழந்தைக்குக் காட்டியிருப்பேன்.

நீ கேட்டதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நீ வேலைக்குப் போய்விட்டால் அப்பா தனியாக என்ன செய்வார்? விற்கலாமென்றாலும் வயல் என்று பதிவான நிலத்தில் ஒரு வீடுகூடக் கட்ட முடியாது, யார் வாங்குவார்கள்? ஓணம் லீவுக்கு முன்னால் கல்லூரியில் வளரும் நாட்டின் பொருளாதாரத்தில் வேளாண்மையின் பங்கு என்ற பாடம்தான் நடத்தினேன். வேளாண்மை நாட்டுக்கு உணவு தருகிறது, மற்றத் தொழில்களுக்கு ஆள் தருகிறது, முதல் தருகிறது என்று கரும்பலகையில் எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

கொஞ்சம் பொறுத்துக்கொள். நல்ல மனசுள்ள பெண்ணாகக் கிடைப்பாள்.

உன் தங்கை
ஜீவிதா

---

கொழிஞ்சாம்பாறை
17 செப்டம்பர் 2023

அம்மிணி,

உன் கடிதம் கிடைத்தது. கோபமில்லை. ஆள் தருகிறது, முதல் தருகிறது என்று எழுதியிருந்தாய். நம் வீட்டிலிருந்து போன ஆள் நீ. இந்த வயல்தான் உன்னைப் படிக்கவைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். இன்னும் ஒரு ஆளைக் கொடுக்கலாமா என்பதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது போட்டிருக்கிறார்களா? கேலியாகக் கேட்கவில்லை.

போன ஞாயிறு எலப்புள்ளிப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெயர் கிருத்திகா. பாலக்காட்டில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா பழனிச்சாமியும் நம்மைப் போல விவசாயிதான். அவள் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். தென்னைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க," என்றாள். "மழை வருமான்னு வானத்தைப் பாத்துப் பாத்தே எங்கப்பாவுக்கு வயசாயிருச்சுங்க. நான் அவரைப் பாத்துட்டே வளந்தவ. இனி இன்னொருத்தரை அப்படிப் பாத்துட்டு உக்கார என்னால ஆகாதுங்க."

நானும் ஒவ்வொரு கர்க்கடக மழைக்கும் அப்படித்தான் வானத்தைப் பார்த்து நிற்கிறேன். வேலை கிடைத்தால் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பழனிச்சாமி மாமா சொல்லியனுப்பியிருக்கிறார்.

எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, ஜீவி. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அண்ணன்

---

திருவனந்தபுரம்
4 அக்டோபர் 2023

அண்ணா,

வேலை கிடைத்துவிட்டது. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தனியார் பால் பண்ணை. மேலாளர் இவருடைய சிநேகிதர். மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வேலை. தங்க இடம் உண்டு, சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் வரவில்லை. கிருத்திகாவை நான் கேட்டதாகச் சொல்.

ஜீவிதா

---

மாட்டுப்பட்டி
19 நவம்பர் 2023

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

நாற்று நட்டு முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு மாடுகளை விற்றுவிட்டோம். வீட்டுக்கு ஒன்று போதும். வயலை யாரிடமாவது பார்க்கச் சொல்லலாம் என்றதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "உனக்கு முன்னாடி நான்தான பாத்தேன், போ," என்று மட்டும் சொன்னார். பஸ் ஏற்றிவிட வரவில்லை.

இங்கே குளிர் கொல்லுகிறது. வேலை புதிதொன்றுமில்லை. சாணி அள்ளுகிறார்களா, தீவனம் சரியா, எந்த மாட்டுக்கு மடிவீக்கம் என்று பார்க்க வேண்டும். வீட்டில் செய்த அதே வேலைதான். ஆனால் சூப்பர்வைசர் என்று போட்டுக் கழுத்தில் ஒரு அடையாள அட்டை மாட்டியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே பழனிச்சாமி மாமா முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டார். சிரிப்பதா என்னவென்று தெரியாமல் தொழுவத்திலேயே நின்றேன்.

வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்றைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. போன வாரம் அணைப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது. எந்தக் கவலையும் இல்லாமல் நனைந்தேன்.

அப்பா போனில் என்னிடம் பேசுவதில்லை. அம்மா எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்கிறாள். நீ கொஞ்சம் விசாரித்து எழுது.

அண்ணன்

---

கொழிஞ்சாம்பாறை
2 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். உன்னிடம் சொல்ல வேண்டாமென்று அம்மாவுக்கும் எனக்கும் அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். இனி மறைத்து ஆகப்போவதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் வாய்க்கால் ஷட்டரைத் தூக்கப் போய் அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகிவிட்டது. எழுந்து நடக்க மாதங்கள் ஆகும், வயலுக்கு இனி இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் லீவு போட்டு வந்தேன். லீவு முடிந்து, சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை திருவனந்தபுரத்தில் அவள் அப்பாவோடு இருக்கிறாள். முதலில் தினமும் போனில் அழுதாள். இப்போது அழுவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பயிர் கதிர் விடும் பருவத்தில் நிற்கிறது. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் வயசானவர்கள்தான் இருக்கிறார்கள்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லி எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அப்புறம் சொன்னார்:

"அவன் வந்தான்னா கல்யாணம் நின்னுபோகும் அம்மிணி. நீ இருந்தீன்னா வேலைதான போகும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தவர் மாதிரி சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, அண்ணா. உன் மேலும் வந்தது. அந்த மழையில் நீ நனைந்ததை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் எழுதாமல் யாரிடம் எழுதுவது?

கிருத்திகா வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் தை மாதமே நடக்கட்டும். நீ அங்கேயே இரு.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நமக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. நீ கீழ் வயலுக்கு முதலில் திறந்துவிடுவாயா, மேல் வயலுக்கா? அப்பாவிடம் கேட்டால் எழுந்திருக்கப் பார்க்கிறார். அதை மட்டும் உடனே எழுது.

ஜீவிதா